ஒரே கிளப்பில் 770 ஆட்டங்கள்

இங்கிலாந்தின் ரயில் பட்டறை ஊரான ஸ்விண்டனில் 1960-ல் தன் 17-வது வயதில் இடது பின்கள ஆட்டக்காரராக இறங்கிய ஜான் ட்ரோலோப், 1980 வரை அதே ஸ்விண்டன் டவுன் கால்பந்து கிளப்புக்கு 770 லீக் ஆட்டங்கள் ஆடினார். இங்கிலாந்து லீக்கில் ஒரே கிளப்புக்கு இத்தனை ஆட்டங்கள் ஆடியவர் வேறு எவருமில்லை. இதை விசுவாசம் என்று புகழ்வது வழக்கம். அது பாதி உண்மைதான் என்பேன். அவர் வந்த காலத்தில், ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் விடாமல் ஆட்டக்காரர் வேறெங்கும் போக முடியாது. 1963-ல் ஆட்டக்காரர் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் தொடுத்த வழக்கில் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் அந்த விதியை நியாயமற்றது என்றார். பிடி தளர்ந்ததே தவிர முழுதாக அறுபடவில்லை.

அப்படியானால் அந்தக் காலத்தில் எல்லாருமே 770 ஆடியிருக்க வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விதி கட்டிப்போட்டது ஆட்டக்காரரை மட்டுமே. கிளப் நினைத்தால் யாரையும் விற்கலாம், கழற்றிவிடலாம். மேலாளர்கள் மாறிக்கொண்டே இருந்தும் இவரை எவரும் கைவிடவில்லை என்பதே பெரிய சான்று. 1969 மார்ச்சில், சேறான வெம்ப்ளி மைதானத்தில், மூன்றாம் டிவிஷன் ஸ்விண்டன் கூடுதல் நேரத்தில் ஆர்சனலை 3-1 என வீழ்த்தி லீக் கோப்பையை வென்றது. பெயர் என்னவோ இரண்டு கோல் அடித்த டான் ரோஜர்ஸுக்கே போனது. பின்களத்தாருக்கு எப்போதும் அதே கதி. ட்ரோலோப் அன்றும் இடது பக்கம் காத்தார். சட்டம் அவரைத் தங்கவைத்திருக்கலாம். 20 ஆண்டுகள் அணியில் நிலைநிறுத்தியது அவர் ஆட்டம்தான்.