கடல் கடந்தாரும் ஊர் எண்ணும்

அரசர் வென்ற நாடுகளையும் கோயில் எழுந்த ஆண்டுகளையும் மட்டும் சரித்திரமெனக் கொள்ளுதல் போதாது. ஒருவன் தன்னை இன்னான் என்று பிறர்க்கு மெய்ப்பிக்கும் வழி காலந்தோறும் மாறிவந்திருப்பதும் சரித்திரமேயாம். பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளினின்று சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள் முதலிய இடங்களுக்குப் பொருளீட்டச் சென்ற நம்மவர் பலராதலின், அவர்தம் ஊர்த் தொலைபேசி எண்ணைப்பற்றி ஈண்டுச் சிறிது கூறத் துணிந்தோம்.

கப்பற் காலத்தை முதலில் நோக்குவோம். 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா என்னும் கப்பல், நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூர்த் துறைகளுக்குப் பல்லாண்டு நம் மக்களை ஏற்றிச் சென்றது. அந்நாளில் அயல்நாடு சென்றவனுக்கு அடையாளம் யாது? தந்தை பெயர், கிராமம், உடையார்பாளையம் அல்லது பெரம்பலூர் தாலுகா, திருச்சிராப்பள்ளி ஜில்லா என்று கடித உறையின்மேல் எழுதும் விலாசமே. அவன் இன்னார் மகன் என்பதற்கு மணியக்காரரும் கர்ணமும் சான்றாயினர். பரம்பரையாக வந்த அப்பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டன. முகமறிந்து சான்று கூறும் வழக்கமும் நாளடைவில் தளர்ந்தது.

சென்னையில் தொலைபேசி நிலையம் தோன்றியது 1882-இல். நெடுங்காலம் தொலைபேசி எண் ஊருக்கும் கம்பிக்கும் உரியதாயிருந்ததேயன்றி ஆளுக்கு உரியதாயிருக்கவில்லை. இன்றும் பெரம்பலூர்க்குக் குறியெண் 04328, அரியலூர்க்கு 04329, அரியலூர் மாவட்டத்திலேயே உள்ள ஜெயங்கொண்டத்திற்கோ 04331. இவ்வெண்கள் மாவட்ட எல்லையைப் பின்பற்றுவன அல்ல என்பது இதனால் விளங்கும். மாவட்ட எல்லையோ நம் கண்முன்னரே பன்முறை மாறிற்று. 1995-இல் திருச்சியினின்று பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001-இல் அதனின்று அரியலூர் பிரிந்தது. 2002-இல் மீண்டும் இணைந்தது. 2007 நவம்பர் 23-ஆம் நாள் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. வீடு பெயராமலே விலாசம் மாறிய விந்தை இது.

1995 ஜூலை 31-ஆம் நாள் இந்தியாவில் முதல் கைப்பேசி உரையாடல் நிகழ்ந்தது. அதுமுதல் எண் ஊரை விட்டு ஆளைப் பற்றிக்கொண்டது. 2011 ஜனவரி 20 முதல், கம்பெனி மாறினும் எண்ணை மாற்றாது வைத்துக்கொள்ளும் உரிமை நாடெங்கும் கிட்டிற்று. ஆதார் அட்டைக்கும் வங்கிக் கணக்கிற்கும் வரும் ஒருமுறைக் கடவுச்சொல் அவ்வெண்ணையே நாடி வருகின்றது. பழைய மணியக்காரர் சொல்லிவந்த சான்றை இப்பொழுது பத்து இலக்கங்கள் சொல்லுகின்றன என்றால் மிகையாகாது.

ஆயின் மணியக்காரர் நம்மைப் பத்தாண்டு காணாதிருந்தும் மறவார். எண்ணோ மூன்று மாதத்தில் மறந்துவிடும். 2013-இல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, முன்பணம் செலுத்தும் இணைப்பொன்று 90 நாள் யாதொரு பயனுமின்றிக் கிடப்பின், கம்பெனியார் அதனைத் துண்டிக்கலாம். கணக்கில் 20 ரூபாய்க்குக் குறையாது இருப்பின் துண்டித்தல் கூடாது. திங்கள்தோறும் அதிற் சிறிது கழித்துக்கொண்டு எண்ணை நிலைநிறுத்துவர். துண்டித்த எண்ணை மேலும் 90 நாள் கழித்துப் பிறர்க்கு அளிக்கலாம் என்பது 2023-இல் உச்சநீதிமன்றத்திலும் பதிவாயிற்று. அவ்வாறு அளிக்கப்படின், நம் வங்கி விடுக்கும் செய்தி அறியாதார் ஒருவர் கையிற் போய்ச் சேரும் அபாயம் உண்டன்றோ?

கம்பெனியே வீழ்வதும் உண்டு. 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஏர்செல் இணைப்புகள் திடீரென நின்றபோது இலக்கக்கணக்கானோர் திகைத்தனர். எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்றக் குறுஞ்செய்தி வாயிலாகக் குறியீடு பெறவேண்டும். புதிய சிம் அட்டைக்கு அடையாளங் காட்டவும் வேண்டும். உள்ளூரில் இருந்தோரே அல்லலுற்றனர் என்றால், துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்தோர் நிலையை யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

“வாட்ஸப் இருக்க ஊர் எண் எதற்கு?” என வினவுவார் உளர். அதுவும் ஓர் எண்ணின்மேல் நிற்பதே என்பதை அவர் உணர்வாராக. 2023 ஜனவரியில், அயல்நாட்டு எண்களோடு வங்கிக் கணக்கை இணைத்து யுபிஐ வழியே பணம் செலுத்த இடமளித்தனர். சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், சவூதி, கத்தார், ஓமன் உட்படப் பத்து நாடுகள் அம்முதற் பட்டியலில் இருந்தன; மலேசியாவும் குவைத்தும் இல்லை. ஆதாரின் கடவுச்சொல்லோ அயல்நாட்டு எண்ணுக்கு வாராது.

ஆதலின் பயணம் புறப்படும் நம் இளைஞர் சில கடமைகளை மறவாதிருத்தல் வேண்டும். எண் தம் பெயரிலேயே பதிவாகியிருக்கின்றதா என நோக்குக. முகவர் பெயரிலும் கடைக்காரர் பெயரிலும் உள்ள எண் நமதன்று. அயல்நாட்டிலும் செய்தி வரும்படி ரோமிங் வசதியைப் புறப்படுமுன்னரே திறந்துகொள்க. திட்டத்தின் செல்லுங்காலத்தைக் கேட்டறிந்து, காலத்தில் பணங்கட்டுக. திங்களுக்கொருமுறை ஓர் அழைப்பேனும் செய்க. அட்டையை வீட்டில் விட்டுச் செல்வோர் தாய் தந்தையரிடமே ஒப்புவிக்க. கடவுச்சொல்லைக் கேட்டு எவர் அழைப்பினும் கூறலாகாதெனவும் அவர்க்குச் சொல்லி வைக்க. எண்ணை விட்டுவிடத் துணிவோர், முதலில் வங்கியிலும் ஆதாரிலும் வேறு எண்ணைப் பதிந்தபின்னரே விடுக.

இல்லத்தில் இருக்கும் முதியோர்க்கு இவற்றை எடுத்தோதி உதவுதல், படித்த பிள்ளைகளின் கடன். நிலப்பத்திரத்தைப் பெட்டியில் வைத்துக் காத்த முன்னோர் வழிவந்த நாம், பத்து இலக்கங்களையும் அவ்வாறே காப்போமாக.