கம்பளப் பழுதுபார்ப்பும் இழுத்து விரித்தலும்

கம்பளப் பழுதுபார்ப்பு என்பது வீட்டுத் தரைக் கம்பளங்களில் தோன்றும் சுருக்கம், கிழிசல், தீக்காயம், மூட்டுப் பிரிவு, பூச்சி அரிப்பு முதலியவற்றைச் சரிசெய்து, கம்பளத்தின் ஆயுளை நீட்டிக்கும் கைத்தொழில். குளிர்நாடுகளில், குறிப்பாக அமெரிக்கா, கனடா, பிரித்தானியா ஆகியவற்றில், அறை முழுவதும் சுவருக்குச் சுவர் கம்பளம் விரிக்கும் வழக்கம் பரவலாக இருப்பதால் அங்கே இது தனித் தொழிலாகவே வளர்ந்துள்ளது. அந்நாடுகளில் குடியேறிய தமிழர் பலரின் வீடுகளிலும் இவ்வகைக் கம்பளங்கள் உண்டு.

சுவருக்குச் சுவர் விரித்த கம்பளம் தரையில் சும்மா கிடப்பதாகவே கண்ணுக்குத் தெரியும். உண்மையில் அது வார் பிடித்துக் கட்டிய மேளத்தோல் போல நான்கு பக்கமும் இழுத்து மாட்டப்பட்டிருக்கிறது. அந்த விறைப்பு தளரும்போது சுருக்கம் விழுகிறது, சுருக்கத்தின் மேடுகளில் கால் உரசி இழை தேய்கிறது, மூட்டு பிரிகிறது. ஆகவே விறைப்பை மீட்பதே பழுதுபார்ப்பின் முதல் வேலை.

பெயரும் வகையும்

தமிழில் கம்பளம், இரத்தினக் கம்பளம், கார்ப்பெட் என்னும் சொற்கள் வழங்குகின்றன. பவானி ஜமக்காளம் போன்ற பருத்தி விரிப்புகள் மேல் இழை இல்லாத தட்டை நெசவு. அவற்றைச் சுவரோடு இழுத்து மாட்டுவதில்லை. கிழிந்தால் இழையோட்டித் தைப்பதோடு வேலை முடிந்துவிடும். இழுத்து விரித்தல் மேல் இழை கொண்ட சுவருக்குச் சுவர் கம்பளத்துக்கு உரியது. கையால் முடிச்சிட்டு நெய்த பாரசீக, துருக்கிய, காஷ்மீரக் கம்பளங்களைப் பழுதுபார்க்கும் முறை முற்றிலும் வேறு.

கம்பளத்தின் அமைப்பு

இன்றைய வீட்டுக் கம்பளங்களில் பெரும்பகுதி நெய்யப்படுவதில்லை. ஊசியால் குத்தி உருவாக்கப்படுகிறது. இம்முறையின் தாயகம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள டால்ட்டன் நகரம். 1895-இல் கேத்தரின் எவன்ஸ் என்னும் சிறுமி அங்கே கையால் குஞ்சமிட்டுச் செய்த படுக்கை விரிப்பிலிருந்து ஒரு குடிசைத் தொழில் கிளைத்தது. பின்னர் இயந்திரங்கள் வந்தன. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதே உத்தி அகலமான தரைக் கம்பளங்களுக்கு மாறியது. விலை குறைந்தது, நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளுக்கும் கம்பளம் வந்து சேர்ந்தது.

இவ்வகைக் கம்பளத்தில் நான்கு அடுக்குகள் உள்ளன. மேலே நைலான், பாலியெஸ்டர், பாலிபுரோப்பிலீன் அல்லது கம்பளி இழை. அந்த இழை குத்தப்பட்டிருக்கும் முதல் பின்னணித் துணி அடுத்தது. இழையைப் பிடித்துக்கொள்ள அதன் அடியில் தடவிய லேட்டக்ஸ் பசை மூன்றாவது. பசையின் மேல் ஒட்டிய இரண்டாம் பின்னணித் துணி நான்காவது. முன்பு இந்தக் கடைசி அடுக்கு வங்கத்துச் சணலால் ஆனது. இன்று பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் வலைத்துணி. நெய்த கம்பளத்தில் பாவும் ஊடும் இழையைப் பூட்டி வைக்கின்றன. இங்கே அந்தப் பொறுப்பு முழுவதும் பசையுடையது. பசை நொறுங்கிவிட்ட கம்பளத்தை எவ்வளவு இழுத்தாலும் நிற்காது.

அறையின் ஓரத்தில் கம்பளத்தைப் பிடித்திருப்பது ஆணிப்பட்டை. ஒட்டுப்பலகையாலான இந்த மெல்லிய பட்டை சுமார் 1 அங்குல அகலம் உடையது. இதில் சாய்வாக நிற்கும் கூரிய முட்கள் சுவரை நோக்கியிருக்கும். கம்பளத்தை இழுத்து அந்த முட்களில் மாட்டும்போது, கம்பளம் பின்னோக்கிச் சுருங்க முயல்வதே பிடியை மேலும் இறுக்குகிறது. பட்டைக்கும் சுவருக்கும் நடுவே விடப்படும் சிறு பள்ளத்தில் கம்பளத்தின் விளிம்பு செருகப்படும். ஆணிப்பட்டைக்கு உள்பக்கமாகத் தரை முழுவதும் அடிமெத்தை இடப்படும்.

சுருக்கம் விழக் காரணங்கள்

தலையாய காரணம், விரித்த நாளிலேயே போதிய அளவு இழுக்காமல் விட்டது. அவசர வேலையில் முழங்கால் உந்தி என்னும் சிறு கருவியை மட்டும் வைத்து முடித்துவிடுவார்கள். அடுத்த காரணம் வெப்பநிலை. குளிர்ந்த வண்டியிலிருந்து இறக்கிய கம்பளத்தை அப்படியே விரித்தால், அறைச் சூட்டில் அது தளர்கிறது. அறையின் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் பழக விட்ட பிறகே விரிக்க வேண்டும்.

மெத்தென்று இருக்கட்டும் என்று மிகத் தடிமனான அடிமெத்தை போடுவதும் கேடு. ஒவ்வொரு அடிவைப்பிலும் கம்பளம் ஆழமாக வளைந்து, உள்ளிருக்கும் பசை உடைகிறது. வீட்டுக் கம்பளத்துக்கு அடிமெத்தை 7/16 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில்நெறி. பாரமான அலமாரியைத் தூக்காமல் இழுப்பதும், சக்கரம் பொருத்திய மேசை நாற்காலியை ஒரே இடத்தில் உருட்டுவதும், வெள்ளம் புகுவதும் பிற காரணங்கள்.

ஈர முறையில் கழுவிய உடன் தோன்றும் அலை வேறு வகை. ஈரத்தில் கம்பளம் தற்காலிகமாக விரிகிறது. காய்ந்ததும் அநேகமாகத் தானே படிந்துவிடும். முழுதும் காயும்வரை பொறுத்திருந்து, அதன் பிறகும் அலை நின்றால் மட்டுமே இழுக்க வேண்டும்.

இழுத்து விரித்தல்

இந்த வேலைக்கு இரு கருவிகள் உண்டு. ஒன்று முழங்கால் உந்தி. இதன் முன்முனையில் பற்கள் இருக்கும், பின்முனையில் மெத்தை. மெத்தையை முழங்காலுக்குச் சற்று மேலே தொடையால் மோதி, கம்பளத்தை முன்னே தள்ளுவார்கள். மற்றொன்று ‘பவர் ஸ்ட்ரெச்சர்’ எனப்படும் நெம்பு இழுப்பான். பெயரில் பவர் இருந்தாலும் இதற்கு மின்சாரம் வேண்டாம். நீட்டிச் சேர்க்கக்கூடிய குழாய்கள், ஒரு முனையில் பற்கள் கொண்ட தலை, மறுமுனையில் சுவரில் முட்டுக்கொடுக்கும் கட்டை, ஒரு நெம்புகோல் ஆகியவையே இதன் உறுப்புகள்.

வேலை நடக்கும் விதம் இது. முதலில் அறையைக் காலி செய்வார்கள். சுருக்கத்துக்கு எதிர்ப்பக்கச் சுவரில் கம்பளம் உறுதியாக மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு இழுக்க வேண்டிய பக்கத்தின் மூலையில் கம்பளத்தைக் குறட்டால் பிடித்து, முட்களிலிருந்து மெல்லக் கழற்றுவார்கள். பட்டை உளுத்திருந்தாலோ முட்கள் துருப்பிடித்திருந்தாலோ புதுப்பட்டை அடிக்கப்படும். அடுத்து இழுப்பானின் கட்டையை எதிர்ச்சுவரில் முட்டுக் கொடுப்பார்கள். சுவர் குழியாமல் இருக்கக் கட்டைக்குப் பின்னால் ஒரு பலகையும் வைப்பதுண்டு. பற்கள் கொண்ட தலை, இழுக்கும் சுவருக்கு ஏறத்தாழ 6 அங்குலம் முன்பாகப் பதியும். பற்கள் பின்னணித் துணியைப் பிடிக்கும் ஆழத்துக்கே திருகி வைக்கப்பட வேண்டும்; அதற்கு மேல் இறங்கினால் அடிமெத்தை கிழியும்.

நெம்புகோலை அழுத்தும்போது அறையின் குறுக்கே கிடந்த மேடு சுவரை நோக்கி நகர்ந்து கரைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இழுத்த நிலையில் கம்பளத்தை முட்களில் அழுத்தி மாட்டி, நெம்பை விட்டு, தலையை அடுத்த இடத்துக்கு நகர்த்துவார்கள். சுவர் முழுவதும் இப்படி மாட்டியபின், மிகுந்த விளிம்பை வெட்டி, எஞ்சியதைப் பள்ளத்தில் செருகுவார்கள்.

எவ்வளவு இழுப்பது? நீளத்திலும் அகலத்திலும் 1 முதல் 1.5 விழுக்காடு வரை என்பது பொதுவான அளவு. 4 மீட்டர் அறையில் இது 4 முதல் 6 செ.மீ. பழைய கம்பளத்தை இழுத்து முடித்ததும் சுவரோரம் நான்கு விரல் அகலப் பட்டை ஒன்று மிஞ்சுவதைப் பார்த்து வீட்டுக்காரர்கள் திகைப்பதுண்டு. இத்தனை நாள் காலை இடறிய மேடு அந்தப் பட்டைதான். முழங்கால் உந்தியால் ஓர் அறை முழுவதையும் இந்த அளவுக்கு இழுக்க இயலாது. அதனால்தான் டால்ட்டனில் உள்ள அமெரிக்கக் கம்பள நிறுவனங்களின் சங்கம் வகுத்த விரிப்பு நெறி, நெம்பு இழுப்பானைக் கட்டாயமாக்குகிறது. உந்தி மூலைகளுக்கும் அலமாரிக்குள் இருக்கும் இடுக்குகளுக்கும் மட்டுமே பொருத்தம்.

ஒட்டுப்போடுதல்

தீக்காயம், அழியாக் கறை, செல்லப்பிராணி பிறாண்டிய இடம் ஆகியவற்றுக்கு ஒட்டுத்துண்டு வைப்பது வழக்கம். விரித்தபோது மிஞ்சிய துண்டு இருந்தால் நல்லது. இல்லையெனில் சுவர் அலமாரியின் உள்மூலை போன்ற மறைவிடத்திலிருந்து வெட்டி எடுக்கலாம்.

நல்ல ஒட்டின் இரகசியம் இரண்டு. முதலாவது, இழை சாயும் திசை. கையால் தடவும்போது ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் எதிர்ப்பக்கம் சொரசொரப்பாகவும் இருக்கும். துண்டும் தரையும் ஒரே திசையில் சாயாவிட்டால் நிறம் ஒன்றாக இருந்தாலும் ஒட்டு தனித்துத் தெரியும். இரண்டாவது, வெட்டும் இடம். இழைகளைத் திருப்புளி முனையால் வகிடு எடுப்பது போல விலக்கி, இரு வரிசைகளுக்கு நடுவே பின்னணித் துணியை மட்டும் வெட்ட வேண்டும். இழையோடு சேர்த்து வெட்டினால் ஓரம் மொட்டையாகிவிடும்.

விறைப்பாக மாட்டிய கம்பளத்தில் நடுவே ஓட்டை போட்டால் அது வாய் பிளக்கும். ஆகவே வெட்டுமுன் சுற்றிலும் கம்பளத்தை உள்நோக்கித் தள்ளித் தற்காலிக ஆணிகளால் நிறுத்துவார்கள். வெட்டிய ஓரங்களில் லேட்டக்ஸ் பசை தடவி, ஓட்டையின் அடியில் சூட்டில் உருகும் பசைநாடாவைச் செருகி, துண்டைப் பொருத்தி, பசை ஆறும்வரை பாரம் வைப்பார்கள்.

நெருப்புப் பொறி விழுந்து இழைநுனி மட்டும் கருகியிருந்தால் ஒட்டே தேவையில்லை. கருகிய நுனியைச் சிறு கத்தரியால் நறுக்கினாலே போதும். வளைய இழைக் கம்பளத்தில் ஓர் இழை எழும்பி நின்றால் அதை ஒருபோதும் இழுக்கக் கூடாது. ஸ்வெட்டர் பிரிவது போல ஒரு வரிசை முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிடும். நீண்ட இழையை அளவாக வெட்டி, அதன் அடியைப் பசையால் ஒட்ட வேண்டும்.

வெளுப்பான் பட்டு நிறம் போன இடத்துக்குச் சாயம் ஏற்றுவது இழையைப் பொறுத்தது. கம்பளியும் நைலானும் அமிலச் சாயத்தை ஏற்கும். பாலிபுரோப்பிலீன் இழைக்கு உருகிய நிலையிலேயே நிறம் கலக்கப்படுவதால் பின்னால் சாயம் பிடிக்காது. அங்கே ஒட்டுதான் வழி.

படிக்கட்டும் வெள்ளமும்

படிக்கட்டில் கம்பளம் முதலில் தேய்வது படியின் விளிம்பில். பிரித்தானியாவில் உலோகக் கம்பிகளால் பிடித்து விரிக்கும் பழைய படிக்கட்டுக் கம்பளங்களில் சற்றுக் கூடுதல் நீளத்தை மடித்து உள்ளே வைப்பார்கள். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கம்பளத்தைச் சில அங்குலம் நகர்த்தி, தேய்மானம் ஒரே இடத்தில் விழாமல் பார்த்துக்கொள்வார்கள்.

நீரில் நனைந்த கம்பளத்தை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். அடிமெத்தையைப் பெரும்பாலும் மாற்றியே ஆக வேண்டும். கழிவுநீர் புகுந்த கம்பளத்தைப் பழுதுபார்க்க முயலாமல் அகற்றிவிடுவதே உடல்நலத்துக்கு நல்லது.

கைமுடிச்சுக் கம்பளங்கள்

கைமுடிச்சுக் கம்பளத்தில் பசை இல்லை. பாவு நூலில் ஒவ்வொரு முடிச்சாக இழை கட்டப்பட்டு, ஊடு நூலால் இறுக்கப்படுகிறது. ஆதலால் இதில் எந்தச் சேதத்தையும் அதே வழியில் திரும்ப நெய்ய முடியும். முதலில் அறுந்த பாவும் ஊடும் புதுநூலால் பின்னப்படும். பிறகு மூலத்தில் இருப்பது துருக்கி முடிச்சா பாரசீக முடிச்சா என்று அறிந்து, அதே முடிச்சில், அதே சாயலில், கம்பளி கட்டப்படும். இறுதியில் இழைமட்டம் பார்த்துக் கத்தரிக்கப்படும். கரை பிரிந்தாலும் குஞ்சம் தேய்ந்தாலும் உடனே கட்டிவிட வேண்டும். இல்லையேல் முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழும். கோணிப்போன கம்பளத்தை நனைத்து, பலகையில் சதுரமாக இழுத்து ஆணியடித்து, காயவிட்டு நேராக்குவார்கள்.

துருக்கியின் அக்சராய் அருகிலுள்ள சுல்தான்ஹானி என்னும் ஊர் கம்பளம் பழுதுபார்ப்பதற்கே பெயர் பெற்றது. வட இந்தியாவில் இழையோட்டும் கைவினைஞர் ரஃபூகர் எனப்படுகின்றனர்.

கம்பளியின் பெரும் எதிரி துணி அந்தின் புழு. கம்பளம் மடிந்தோ கட்டிலுக்கடியில் மறைந்தோ இருக்கும் இருட்டில் அது இழையை மேய்கிறது. அருங்காட்சியகங்கள் கம்பளத்தை உறைகுளிரில் வைத்துப் புழுவையும் முட்டையையும் அழிக்கின்றன; அதன் பிறகே பழுதுபார்ப்பு தொடங்கும்.

பழுதுபார்ப்பு வரலாற்றில் வருத்தமான ஒரு பாடம் அர்தபீல் கம்பளம். 1539–40-ஐக் குறிக்கும் ஆண்டு நெய்து பொறிக்கப்பட்ட இப்பாரசீகக் கம்பளம் இரட்டையாக இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒன்றின் பகுதிகளை வெட்டி மற்றதை முழுமையாக்கினர். முழுமையானதை 1893-இல் இலண்டனில் இன்று விக்டோரியா ஆல்பர்ட் என வழங்கும் அருங்காட்சியகம் 2,000 பவுண்டுக்கு வாங்கியது. கரைகளை இழந்து சிறுத்துப்போன மற்றது லாஸ் ஏஞ்சலஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒன்றைக் காக்க மற்றொன்றைச் சிதைக்கும் அந்த முறையை இன்றைய பாதுகாப்பாளர்கள் ஏற்பதில்லை.

தொழிலாளர் உடல்நலம்

கம்பளம் விரிப்போரின் முழங்கால் இத்தொழிலுக்குக் கொடுக்கும் விலை பெரிது. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் நலவாழ்வு தேசிய நிறுவனம் 1990-இல் வெளியிட்ட எச்சரிக்கையின்படி, அவர்கள் அந்நாட்டுத் தொழிலாளர் தொகையில் 0.06 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் முழங்கால் அடிபட்டதற்கான இழப்பீட்டுக் கோரிக்கைகளில் 6.2 விழுக்காடு அவர்களுடையது. உந்தியை ஓயாமல் மோதுவதும் நாள்முழுவதும் மண்டியிடுவதும் காரணங்கள். நெம்பு இழுப்பானையும் முழங்கால் மெத்தைகளையும் பயன்படுத்துமாறு அந்நிறுவனம் பரிந்துரைத்தது. கம்பளத்துக்கு எது நல்லதோ அதுவே தொழிலாளியின் காலுக்கும் நல்லது.

எப்போது கைவிடலாம்

இழை பரவலாகத் தேய்ந்து பின்னணித் துணி தெரிந்தாலோ, கையில் மடித்தால் பசை பொடியாக உதிர்ந்தாலோ, நாற்றம் தரைவரை ஊறியிருந்தாலோ பழுதுபார்ப்பது வீண்செலவு. சுருக்கம், ஓரிரு கறை, பிரிந்த மூட்டு ஆகியவை மட்டும் கம்பளத்தை எறியக் காரணங்கள் ஆகா. பழைய கம்பளம் பருமனான குப்பை, எளிதில் மக்காது. அதனால்தான் கலிபோர்னியா மாநிலம் 2010-இல் கம்பள மறுசுழற்சிக்கென்றே சட்டம் இயற்றியது.

கம்பளம் வாங்கும் குடும்பத்தார் செய்ய வேண்டியவை மூன்று. விரிக்க வருபவரிடம் நெம்பு இழுப்பான் இருக்கிறதா என்று வேலை தொடங்குமுன் கேளுங்கள். சிறு அலை தோன்றியதுமே இழுத்துவிடுங்கள்; அலை மடிப்பாகிவிட்டால் தடம் முழுதாக மறையாது. விரித்து மிஞ்சிய துண்டைக் குப்பையில் போடாமல் சுருட்டி எடுத்து வையுங்கள். சில ஆண்டுகளில் அதே நிற இழை கடையில் கிடைக்காது.