பீப்பாய்க்கு மேல ஒரு விளக்கு

போன செமெஸ்ரர் விடுமுறையில நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு லைற் செய்தம். தண்ணிக்குள்ள எரியிற லைற். ரெண்டு அங்குல பிவிசி பைப், ஓட்டோவுக்குப் பூட்டுற எல்ஈடி ஒன்று, பழைய லப்ரொப் பற்றரியைப் பிரிச்செடுத்த மூன்று செல், முன்னுக்குத் தடிச்ச அக்ரிலிக் துண்டு. இடைவெளியெல்லாம் சிலிக்கன் பூசினம். கயிற்றில கட்டி அம்மம்மா வீட்டுக் கிணற்றுக்குள்ள இறக்கினால் நல்லாத்தான் எரிஞ்சது. எப்பவோ விழுந்த வாளி ஒன்று அடியில கிடக்கிறதுகூடத் தெரிஞ்சது. ஐஞ்சு நிமிசம் போயிருக்காது, மங்கி, ரெண்டு தரம் இமைச்சு, அணைஞ்சு போச்சு. இழுத்துப் பார்த்தால் உள்ளுக்கு அரைக் கோப்பை தண்ணி. சுவிட்சுக்கு ஓட்டை போட்ட இடத்தாலதான் வந்திருக்கு.

மோட்டர் வைன்டிங் கடை வச்சிருக்கிற மாமா ஒருத்தரிட்டக் கொண்டுபோனம். பைப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்திட்டுச் சொன்னார்: "வெளிச்சம் செய்யிறது லேசு, தம்பியவை. தண்ணியை வெளியில நிப்பாட்டுறதுதான் வேலை."

நாங்கள் கலைப்பீடப் பிள்ளைகள். தோத்தால் திருத்துறதுக்கு முதல் வரலாறு தேடுறதுதான் எங்கட பழக்கம். இந்த வேலையில எங்களுக்கு முதல் தோத்தவர்கள் ஆர் எண்டு தேடப்போய்க் கிடைச்ச கதைதான் இது.

கடலுக்குள்ள ஏன் விளக்கு வேணும்? இருட்டுக்காக மட்டுமில்லை. பட்டப்பகலிலயும் தண்ணி வெளிச்சத்தைத் தின்னும், அதுவும் ஒரே அளவாத் தின்னாது. சிவப்பு முதல் சில மீற்றருக்குள்ளயே பெருமளவு போய்விடும். பிறகு செம்மஞ்சள், மஞ்சள். கீழ போகப் போக மிஞ்சுறது பச்சையும் நீலமும்தான். சிவப்பு மீன் ஒன்று 20 மீற்றரில கறுப்பு மாதிரி நிக்கும். அதுக்குப் பக்கத்தில ஒரு லைற்றைப் பிடிச்சால்தான் தன்ர நிறத்துக்குத் திரும்பும்.

இந்த நிறமாற்றத்தைக் கண்ணால பார்த்து வரைஞ்ச முதல் ஆட்களில ஒருத்தர் எங்கட தீவிலதான் அதைச் செய்தவர். ஒஸ்ரியாக்காரரான ஓய்கன் ஃபொன் ரன்சொனே, 1864-65 காலத்தில காலிக் கடலில இரும்புத் தகட்டால செய்த ஒரு மூழ்குமணிக்குள்ள இருந்து, தடிச்ச கண்ணாடி யன்னலால பார்த்துப் பவளப்பாறைகளை வரைஞ்சார். மேல இருந்து குழாயால காற்று அடிச்சார்கள். அந்த ஓவியங்களோட இலங்கை பற்றிய அவருடைய நூல் 1867இல வந்தது. ஓவியங்களில இருக்கிற மங்கின பச்சைக்குக் காரணம் அவரிட்ட விளக்கு இல்லாததுதான். சூரியன் விட்டுவைச்சதை மட்டும்தான் அவரால எடுக்க முடிஞ்சது.

விளக்கைக் கொண்டுபோக நினைச்சவர் லூயி பூத்தான். பிரான்சின் தெற்கில, ஸ்பெயின் எல்லைக்குக் கிட்ட, பன்யூல்ஸ்-சுர்-மேர் எண்டொரு கரையோர ஊர் இருக்கு. அங்க அராகோ ஆய்வுகூடம் எண்ட கடல் ஆய்வு நிலையத்தில வேலைசெய்த விலங்கியலாளர் அவர். செம்புத் தலைக்கவசமும் ஈயச் சப்பாத்தும் போட்டு இறங்கப் பழகினவர், கண்டதை மேல இருக்கிறவர்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்த ஏலாமல் படம் எடுக்க யோசிச்சார். 1893இல அவருடைய சகோதரர் ஒகுஸ்த் ஒரு கமராவுக்குத் தண்ணி போகாத பெட்டி செய்து கொடுத்தார். ஆழத்தில அமுக்கம் கூடேக்க பெட்டி நசியாமல் இருக்க, காற்று நிரப்பின இறப்பர் பலூன் ஒன்றை அதோட பொருத்தினார்கள். வெளியில அமுக்கம் கூடினால் பலூன் சுருங்கி உள்ளுக்குக் காற்றைத் தள்ளும். எங்கட சிலிக்கன் பூச்சை விட எவ்வளவோ புத்தியான வேலை.

படம் வந்தது. ஆனால் சூரிய வெளிச்சத்தில ஒரு படத்துக்கு அரை மணித்தியாலம் வரைக்கும் கமராவைத் திறந்துவைக்க வேண்டியிருந்தது. அரை மணித்தியாலம் எந்த மீன் போஸ் குடுக்கும்?

அதனால அதே வருசம் ஷொஃபூர் எண்ட மின் தொழில்நுட்பர் ஒருத்தரோட சேர்ந்து ஒரு விளக்கு செய்யப் பார்த்தார்கள். கண்ணாடிக் குடுவைக்குள்ள ஒக்சிசன், அதுக்குள்ள மக்னீசியச் சுருள், மின்சாரத்தால பற்றவைப்பு. யோசனை சரிதான். கமரா பிளாஷ் பல்ப் கடைக்கு வந்தது 1929 அளவில. அதுக்கு 36 வருசத்துக்கு முதலே அந்தச் சின்ன ஊரில அதின்ர மூதாதை எரிஞ்சிருக்கு. பிரச்சினை என்னெண்டால், மக்னீசியம் ஒரே சீராய் எரியாது, சூட்டில குடுவை வெடிக்கும்.

பிறகு வந்ததுதான் பீப்பாய். எங்களுக்கு இந்த முழுக் கதையிலயும் பிடிச்ச பொருள் இதுதான். ஏறக்குறைய 200 லீற்றர் மரப்பீப்பாயை ஒக்சிசனால நிரப்பினார்கள். அதுக்கு மேல ஒரு மதுசார விளக்கு. விளக்கை மூடி ஒரு கண்ணாடிக் கூடு. பக்கத்தில இறப்பர்ப் பந்து ஒன்று. அதை அமத்தினால் மக்னீசியத் தூள் சுவாலைக்கு மேல பறக்கும், ஒரு கணம் கடலடி வெள்ளையாகும். மதுசார விளக்கு தண்ணிக்குள்ள அணையாமல் எரியிறதுக்குத்தான் அந்த 200 லீற்றர்.

இப்ப ஒரு கணக்குப் பார்ப்பம். 200 லீற்றர் வாயு இருக்கிற பீப்பாய் தாழவேணும் எண்டால் ஏறக்குறைய 200 கிலோ பாரம் கட்டவேணும். ஒரு மின்னல் வெளிச்சத்துக்கு இவ்வளவு. அதுக்கு மேல, மக்னீசியம் எரிஞ்சால் வாற வெள்ளைப் புகை கண்ணாடியில படிஞ்சு அடுத்த வெளிச்சத்தை மறைக்கும். இதைப் படிச்சபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது உண்மை. பிறகு எங்கட அரைக் கோப்பைத் தண்ணி ஞாபகம் வந்தது.

1899இல அவர்கள் பீப்பாயை விட்டிட்டு மின்சாரத்துக்கு மாறினார்கள். தண்ணி போகாத உறைக்குள்ள வில் விளக்குகள், அதுக்கு மின்கலங்கள். இரவிலயும் படம் எடுக்கலாம் எண்டாச்சு. கமராவையும் விளக்கையும் கயிற்றில இறக்கி, மேல இருந்தே மின்காந்தத்தால இயக்கி, 50 மீற்றர் ஆழத்திலயும் படம் எடுத்தார்கள். அதே வருசம் அந்தாட்டிக்காப் பயணம் முடிச்சு வந்திருந்த ருமேனிய விலங்கியலாளர் எமில் ரக்கோவீட்சா மூழ்குடையோட பன்யூல்ஸ் கடலடியில நிக்கிற படமும் எடுக்கப்பட்டது. 1900இல பூத்தானின் நூல் வெளிவந்தது.

வரலாறு பூத்தானை 'கடலடிப் புகைப்படத்தின் தந்தை' எண்டு எழுதுது. எங்களுக்கு அதில ஒரு சின்ன மனத்தாங்கல் இருக்கு. பெட்டி செய்த சகோதரர், குடுவை செய்த ஷொஃபூர், ஆய்வுகூடத்தின்ர மெக்கானிக் ஜோசப் டேவிட் - இவர்கள் இல்லாமல் அந்த விளக்கு ஒரு தாளில வரைஞ்ச படமாய்த்தான் இருந்திருக்கும். பூத்தான் ஒளிக்கிறவர் இல்லை, அவர்களின்ர பெயர் எங்களுக்குத் தெரியிறதே அதுக்குச் சாட்சி. சுருக்கி எழுதினவர்கள்தான் விட்டிட்டார்கள்.

அதுக்குப் பிறகும் கன காலம் கடைக்குப் போய் வாங்கிற சாமானாய் இது வரேல்லை. 1926இல அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அப்பால ட்ரை டோர்டுகாஸ் தீவுகளில வில்லியம் லோங்லியும் சார்ல்ஸ் மார்ட்டினும் முதல் கடலடி வண்ணப்படங்களை எடுத்தபோது, வெளிச்சத்துக்கு மிதவை ஒன்றில மக்னீசியத் தூளைப் பரப்பித்தான் கொளுத்தினார்கள். ஒருக்கால் தூள் முந்தி வெடிச்சு லோங்லிக்கு எரிகாயம். இங்கிலாந்தில கிரஹாம் பல்கோம் எண்ட தபால்துறைப் பொறியியலாளர் 1930களில நிலத்தடிக் குகைத் தண்ணிக்குள்ள இறங்கத் தொடங்கினார். கயிற்றுச் சுருள், திசைகாட்டி, விளக்கு எல்லாத்தையும் ஒன்றாய்க் கட்டின கருவி ஒன்றை அவரும் கூட்டாளிகளும் தாங்களே செய்துதான் கொண்டுபோனார்கள். குகைக்குள்ள லைற் நிண்டால் மேல ஏறி வர ஏலாது, தலைக்கு மேல பாறை. அதனாலதான் குகை மூழ்காளர்களுக்கு ஒரு லைற் ஒருக்காலும் போதாது.

பிறகு வந்த தலைமுறை பைப்புக்குள்ள ஈய-அமில பற்றரியும் 12 வோல்ற் ஹலோஜன் பல்பும் வச்சுச் செய்தது. ஹலோஜன் தண்ணிக்குள்ள குளிரும், கரையில எரியவிட்டால் தன்னைத்தானே சுடும். இறுக்கி மூடின குழாய்க்குள்ள ஈய-அமில பற்றரி ஐதரசனை விட்டால் பூத்தானின்ர குடுவைக் கதைதான் திரும்பவும். லிதியம்-அயன் செல் 1991இலயும் வெள்ளை எல்ஈடி 1996இலயும் விற்பனைக்கு வந்ததோட பாரம் குறைஞ்சது. 200 கிலோ கட்டித் தாழ்த்தின இடத்தில இப்ப கையில அடங்கிற ஒரு குழாய். ஆனால் மாமா சொன்ன பிரச்சினை மட்டும் மாறேல்லை. 30 மீற்றர் ஆழத்தில ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலயும் 3 கிலோ மேலதிகமாய் அமத்தும். 5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள கண்ணாடியில அது ஏறக்குறைய 60 கிலோ. ஒரு ஆள் ஏறி நிக்கிற பாரம். லிதியம் செல்லுக்குள்ள உப்புத்தண்ணி போனால் வாயு கிளம்பும், வெளியேற வழி இல்லாட்டி குழாய் வெடிக்கும். வாசிச்சிட்டு ஆரும் ஆசையில செய்யப்போறீங்கள் எண்டால் இதை மறக்காதீங்கோ.

எங்கட பக்கத்தில இந்தக் கதை ஏன் தொடங்கேல்லை? ஏலாதவர்கள் எண்டில்லை. 1990களில பற்றரிக்கே தடை. ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் விட்டு விளக்கு எரிச்சு, சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட ஊர் இது. மாமாவின்ர கையே அந்தக் காலத்தில பழகின கைதான். ஆனால் இரவில கடலுக்குப் போறதே தடையாயிருந்த ஊரில, கடலுக்குள்ள எரியிற லைற்றை ஆர் செய்வினம்?

இப்ப நிலைமை வேற. லைற்றோட இரவில சுழியோடிக் கடலட்டை பிடிக்கினம், அதால கரையில சண்டையும் நடக்குது. கடலட்டையில சில வகை இரவிலதான் மணலுக்குள்ளால வெளியில வரும். சுழியோடிற அண்ணை ஒருத்தரிட்ட எங்கட லைற்றைக் காட்டிப் பெருமையாய்க் கேட்டம், "அண்ணை, இதைவிடக் கூடின வெளிச்சம் வேணுமெண்டால் என்ன செய்யலாம்?"

அவர் சிரிக்கேல்லை. "கூடின வெளிச்சம் உங்களுக்கு என்னத்துக்கு? பார்க்கிறதுக்கோ, பிடிக்கிறதுக்கோ?" எண்டார். "பார்க்கிறதுக்கு" எண்டம். "அப்ப இதே காணும். எங்களுக்கும் ஒரு காலம் இதைவிடக் குறைஞ்ச வெளிச்சமே காணும். இப்ப எல்லாரிட்டயும் பெரிய லைற் இருக்கு, அட்டைதான் இல்லை."

பூத்தானுக்கு இந்தக் கேள்வி வந்திருக்காது. பார்க்கிறதே அவருக்குப் பெரும் பாடாயிருந்தது. எங்களுக்கு வருது. அதுக்குப் பதில் எழுதிற அளவுக்கு நாங்கள் இன்னும் கடலுக்குள்ள இறங்கேல்லை.

ரெண்டாவது லைற் செய்து முடிச்சிட்டம். சுவிட்சுக்கு இந்தமுறை ஓட்டை இல்லை. உள்ளுக்கு றீட் சுவிட்ச், வெளியில காந்தம். சிலிக்கனுக்குப் பதிலாய்த் தண்ணிப் பம்புக்குப் போடுற ஓ-றிங் ரெண்டு, கிறீஸ் பூசி. கிணற்றில 40 நிமிசம் எரிஞ்சது. வாளி சிவப்பு எண்டு அப்பதான் தெரிஞ்சது. நாளைக்கே கடலுக்குக் கொண்டுபோவம் எண்டு நிண்டம், மாமா விடேல்லை. "முதல்ல பற்றரி இல்லாமல், உள்ளுக்கு ரிசுப் பேப்பர் ஒன்றை மடிச்சு வச்சு இறக்குங்கோ. பேப்பர் காய்ஞ்சபடி வந்தால் பிறகு கதைப்பம்."