பினாங்குக் கடைத்தெருவில் ஒரு வரலாற்றுப் பாடம்



தோட்டத்துப் பிள்ளைகளை அழைத்து, "வரலாறு என்றால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். "ராஜாக்கள் சண்டை போட்டது" என்பான் ஒருவன். "ஆண்டுகளை மனப்பாடம் செய்வது" என்பாள் மற்றொருத்தி. ராஜேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டில் கடாரத்தின்மீது படையெடுத்தான் என்று தயங்காமல் சொல்லும் பிள்ளைக்கு, தன் கொள்ளுத்தாத்தா எந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறி எங்கே வந்து இறங்கினார் என்பது தெரிவதில்லை. அது கேட்டதும் இல்லை. நாம் சொன்னதும் இல்லை.

கேமரன் மலைத் தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய நாங்கள், இந்தக் குறையைத் தீர்க்கக் கல்விச் சுற்றுலா ஒன்றுக்கு ஏற்பாடு செய்தோம். ஊர் பினாங்கு. முதல் முறை போனது படுதோல்வி என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். ஒரே நாளில் பதினான்கு இடங்களைக் காட்டிவிட வேண்டும் என்ற பேராசை எங்களுக்கு. மலைச்சாலை வளைவுகளில் பாதிப் பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். குளிரில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பினாங்கு வெயில் தாங்கவில்லை. நாங்கள் ஆண்டுகளை அடுக்கிக்கொண்டே போனோம். பிள்ளைகள் ஐஸ் கச்சாங் வண்டியைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். திரும்பி வந்து கட்டுரை எழுதச் சொன்னால், முப்பது பேரில் இருபது பேர் அந்த வண்டியைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள்.

இரண்டாம் முறை வேறு விதமாகச் செய்தோம். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே, "வீட்டுப் பெரியவர்களிடம் நம் குடும்பம் எப்படி இந்த நாட்டுக்கு வந்தது என்று கேட்டு எழுதி வாருங்கள்" என்று பிள்ளைகளிடம் சொன்னோம். ஒரு தந்தை மறுநாள் காலையிலேயே பள்ளிக்கு வந்துவிட்டார். "கூலிக்கு வந்த கதையைப் பிள்ளைக்குச் சொல்லி என்ன ஆகப்போகுது வாத்தியாரே? படித்து வேறு வேலைக்குப் போகட்டும் என்றுதானே அனுப்புகிறோம்?" என்றார். அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அவர் மகனையும் அழைத்துக்கொண்டுதான் போனோம்.

ஈப்போ வழியாகப் பட்டர்வொர்த் சென்று, பேருந்தைப் பாலத்தின் வழியே அனுப்பிவிட்டு, நாங்கள் பெரியில் ஏறினோம். கரை நெருங்கும்போதே முதல் புதிரைப் போட்டோம். "பினாங்கில் லெபோ பந்தாய், அதாவது கடற்கரைத் தெரு, என்று ஒரு தெரு உண்டு. அங்கே கடற்கரை எங்கே இருக்கிறது, கண்டுபிடியுங்கள்." இறங்கியதும் பிள்ளைகள் காலடியை எண்ணிக்கொண்டே நடந்தார்கள். தெருவின் பெயர்ப்பலகை வந்தது, கடல் வரவில்லை. ஒரு காலத்தில் அலை வந்து மோதிய இடம் அதுதான். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்துக் கரையை வெளியே தள்ளியபோது உண்டான நிலத்தின்மீதுதான் இவ்வளவு நேரம் நடந்தீர்கள் என்றோம். ஒரு பையன் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தான்.

அங்கிருந்து மணிக்கூண்டு. விக்டோரியா மகாராணி அறுபது ஆண்டுகள் ஆண்டதன் நினைவாக, ஆண்டுக்கு ஓர் அடியாக அறுபது அடி உயரம். சீ சென் இயோக் என்ற சீனச் செல்வந்தர் கொடுத்த பணத்தில் எழுந்தது. 1902-இல் அது முடிவதற்குள் மகாராணியே காலமாகிவிட்டார் என்றதும் பிள்ளைகள் சிரித்தார்கள்.

கோர்ன்வாலிஸ் கோட்டையில் சற்று நேரம் உட்காரவைத்தோம். 1786-இல் பிரான்சிஸ் லைட் இங்கே வந்து இறங்கினார். காட்டை விரைவாக வெட்டுவதற்காக, பீரங்கியில் வெள்ளிக் காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை மெய்யோ பொய்யோ, பிள்ளைகளுக்கு அது மறப்பதில்லை. ஆனால் அதனோடு நிறுத்தினால் பாடம் அரைகுறை. தீவு கெடா சுல்தானுடையது. பகைவர் வந்தால் படை உதவி கிடைக்கும் என்று அவர் நம்பியிருந்தார். கம்பெனி அந்த உதவியைத் தரவில்லை. 1791-இல் தீவை மீட்க முயன்று அவர் தோற்றார். "அப்படியென்றால் ஏமாற்றியது யார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். வகுப்பறையில் நான்கு ஆண்டுகளாக வாய் திறவாத பெண் அவள்.

கோட்டை முதலில் நிபோங் மரங்களை நட்டுச் செய்த வேலிதான். கல்லும் செங்கல்லும் பிறகு வந்தவை. அந்தக் கட்டட வேலையிலும், 1818-இல் முடிந்த செயிண்ட் ஜார்ஜ் தேவாலயத்து வேலையிலும், இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பு இருந்தது. லைட்டின் பெயர் பலகையில் இருக்கிறது. சுவர் எழுப்பியவன் பெயர் எங்கும் இல்லை. பள்ளிக்கு வந்து கோபித்துக்கொண்டவரின் மகன் அந்தச் சுவரைத் தடவியபடி நெடுநேரம் நின்றான்.

பிறகு நடந்த தெருவில் நம் மக்களின் சுவடு அடிக்கு ஓர் இடத்தில் தெரிந்தது. 1801-இல் தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவரான காதர் முகைதீன் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரால் தர்கா. குயின் தெருவில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். "நம்ம தோட்டத்துக் கோயில் சாமி இங்கேயும் இருக்கே!" என்றார்கள் பிள்ளைகள். தேசப்படத்தை விரித்து நாகூரையும் நாகப்பட்டினத்தையும் காட்டினோம். இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. நம் முன்னோரில் பெரும்பாலோர் கப்பல் ஏறியது நாகப்பட்டினத்திலும் சென்னையிலும்தான். 1926-இல் கட்டிய ரஜூலா கப்பல் 1970-களின் தொடக்கம் வரை இந்தக் கடலில் ஓடியது.

மாலையில் தீவின் கிழக்குக் கரையோரம் பேருந்தை நிறுத்தினோம். எதிரே ஜெரஜாக் தீவு. கப்பலில் வந்தவர்களை ஊருக்குள் விடுமுன் நோய்த்தடுப்புக்காக அங்கேதான் தங்கவைத்தார்கள். கங்காணிகள் ஆள் சேர்த்து வந்த காலம் அது. 1938-இல் இந்திய அரசு அதற்குத் தடை விதித்தது. இன்று நம் தேயிலை மலைகளில் வங்காளதேசத்துப் பிள்ளைகளும் நேப்பாளப் பிள்ளைகளும் கொழுந்து எடுப்பதைப் பார்க்கும்போது அந்தக் கங்காணிக் காலம் எங்களுக்கு நினைவு வருவதுண்டு.

எங்களோடு துணைக்கு வந்த ஒரு மாணவியின் பாட்டி, எண்பதை நெருங்கியவர், கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தத் தீவையே பார்த்தார். அவருடைய தகப்பனார் அங்கே அடைபட்டிருந்தவர். "ராத்திரியில் அக்கரை விளக்கெல்லாம் தெரியும், போகத்தான் முடியாதுன்னு அப்பா சொல்லுவாரு. தூரமா இருக்கும்னு நெனைச்சிருந்தேன். இம்புட்டுக் கிட்டவா இருக்கு!" என்றார். பேரப்பிள்ளை அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். மற்றப் பிள்ளைகள் பாட்டியைச் சுற்றிக்கொண்டார்கள். துணிகளை என்ன செய்தார்கள், சோறு யார் போட்டார்கள், அழுதாரா என்றெல்லாம் கேள்விமேல் கேள்வி. நாங்கள் நாள் முழுதும் பேசியதைவிட அந்தக் கால் மணி நேரத்தில் அவர்கள் கற்றுக்கொண்டது அதிகம்.

செலவுக்கு வாரம் ஒரு வெள்ளியாக ஆண்டு முழுதும் ஒரு டின்னில் சேர்த்தோம். இப்போதும் சேர்த்து வருகிறோம். அடுத்தது மலாக்கா. கோபித்துக்கொண்டு வந்த அந்தத் தந்தை, தம் தாயார் கொண்டுவந்த தகரப் பெட்டி ஒன்று வீட்டில் இருப்பதாகவும் வகுப்பில் வைத்துக் காட்டலாமா என்றும் மகனிடம் கேட்டு அனுப்பியிருக்கிறார். பேருந்தில் தங்களுக்கும் இடம் உண்டா என்று மூன்று பாட்டிமார் பள்ளி வாசலில் வந்து நின்றார்கள். பெரிய பேருந்தாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.