மலைநாட்டு அங்கத்தவரும் மறைந்த வாக்காளரும்

நேயர்களே, தேர்தல் என்று சொன்னவுடன் புதியவர் ஒருவர் மக்கள் முன் வந்து நிற்பதையே பெரும்பாலும் நாம் நினைக்கிறோம். ஆனால் ஜனநாயகத்தின் உண்மையான சோதனை முதலாவது தேர்தலில் இல்லை. இரண்டாவது தேர்தலிலேதான் இருக்கிறது. முதல்முறை வருபவர் வாக்குறுதி தருகிறார். இரண்டாம்முறை வருபவர் கணக்குக் கொடுக்க வருகிறார். "ஐந்து ஆண்டுகள் எம் பெயரால் பேசினீரே, என்ன செய்தீர்?" என்று வாக்காளன் கேட்கும் உரிமை அந்த இரண்டாம் வருகையிலேதான் உயிர் பெறுகிறது.

இலங்கையின் மத்திய மலைநாட்டிலே, தேயிலை மலைகள் சூழ்ந்த நுவரெலியா, தலவாக்கொல்லை, கொட்டகலை, மஸ்கெலியா முதலிய இடங்களில், இந்தக் கணக்குக் கேட்கும் உரிமை ஒரு தலைமுறைக் காலம் தோட்டத் தொழிலாளருக்கு இல்லாமற் போயிற்று. 1947 ஆம் ஆண்டில் அவர்கள் தெரிந்தனுப்பிய அங்கத்தவர்கள் 1952 இல் உயிரோடிருந்தார்கள். தொகுதிகள் அப்படியே இருந்தன. தேயிலையும் இருந்தது, அதைப் பறித்த கைகளும் இருந்தன. வாக்காளர் இடாப்பிலே மட்டும் அந்தக் கைகளுக்குரியோரின் பெயர்கள் இல்லை. இது எவ்வாறு நேர்ந்தது?

கதை 1931 இல் தொடங்குகிறது. டொனமூர் அரசியல் திட்டத்தின்கீழ் அவ்வாண்டில் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. இருபத்தொரு வயது நிரம்பிய ஆணும் பெண்ணும் வாக்களிக்கலாம் என்ற ஏற்பாடு, ஆசியாவில் வேறெந்தக் குடியேற்ற நாடும் அதுவரை கண்டிராத ஒன்று. ஆயினும் இந்திய வமிசாவளித் தொழிலாளருக்கு அது எளிதாகக் கைக்கு வரவில்லை. இந்நாட்டை நிரந்தர வதிவிடமாகக் கொண்டமையை அவர்கள் காட்டவேண்டும். அல்லது ஐந்தாண்டு வசித்து, நிரந்தரக் குடியிருப்புச் சான்று பெறவேண்டும். அல்லது கல்வி, சொத்துத் தகுதி இருக்கவேண்டும். இத்தனை தடைகளுக்கிடையிலும் 1931 இல் சுமார் 1 லட்சம் இந்தியர் இடாப்பில் இடம்பெற்றனர். 1939 இல் அத்தொகை சுமார் 2 லட்சத்து 25 ஆயிரமாக உயர்ந்தது. பதிவு விதிகள் இறுக்கப்பட்டபின் 1943 இல் 1 லட்சத்து 68 ஆயிரமாகக் குறைந்தது. ஆகவே, ஏறுவதும் இறங்குவதுமாக இருந்த ஒரு படிக்கட்டின்மேல்தான் அவர்களுடைய வாக்குரிமை தொடக்கத்திலிருந்தே நின்றது.

அந்த நிலையிலும் வாக்குரிமை தன் வேலையைச் செய்தது. அட்டன் தொகுதி 1931 இல் பெரி. சுந்தரத்தை அரசாங்க சபைக்கு அனுப்பியது. அவர் தொழில், கைத்தொழில், வர்த்தக மந்திரியானார். 1936 இல் அதே தொகுதி தொழிற்சங்க முன்னோடியும் பத்திரிகாசிரியருமான கோ. நடேசய்யரை அனுப்பியது. தலவாக்கொல்லையோ 1931 இல் அனுப்பிய எஸ். பி. வைத்திலிங்கத்தை 1936 இலும் திரும்ப அனுப்பியது. ஒரு தொகுதி ஆளை மாற்றுகிறது. அடுத்த தொகுதி பழையவரையே வைத்துக்கொள்கிறது. வாக்காளன் எடைபோடுகிறான் என்பதற்கு இதனிலும் வேறு அடையாளம் வேண்டுமா?

1939 ஜூலையில் ஜவாஹர்லால் நேரு இலங்கைக்கு வந்தபோது, சிதறிக்கிடந்த இந்தியர் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றியது. அடுத்த ஆண்டில் அதன் தொழிற்சங்கமும் எழுந்தது. தோட்டத்து எல்லைக்குள் காலெடுத்து வைக்கத் துரையின் தயவு வேண்டியிருந்த காலம் அது. பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடப்பட்டு மலைக்குப் போவதும், மாலையில் கொழுந்து நிறுத்து லயனுக்குத் திரும்புவதுமே வாழ்வாக இருந்தவர்களுக்கு, சங்கக் கூட்டமும் தேர்தற் கூட்டமும் தங்களை மனிதராக மதித்து அழைத்த முதற் குரல்களாயின.

சோல்பரி அரசியல் திட்டத்தின்படி முதலாவது பாராளுமன்றத் தேர்தல் 1947 ஆகஸ்ட் 23 முதல் செப்டெம்பர் 20 வரை நடைபெற்றது. பழைய தேர்தல்களில் அபேட்சகர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறப் பெட்டி வைக்கப்பட்டிருந்தது. இம்முறை வாக்குச்சீட்டில் சின்னம் வந்தது. இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கொல்லையில் ஸி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், பதுளையில் எஸ். எம். சுப்பையா, அலுத்நுவரவில் டி. இராமானுஜம் ஆகியோர் தெரிவாயினர்.

இந்த ஏழின் பெறுமதியை அறியவேண்டுமானால் அன்றைய சபையின் நிலையை நோக்கவேண்டும். தெரிவு செய்யப்பட்ட இடங்கள் 95. டி. எஸ். சேனாநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சி பெற்றவை 42 மட்டுமே. மிகுதியில் இடதுசாரிகளும், தமிழ்க் காங்கிரஸும், இந்தியன் காங்கிரஸும், சுயேச்சையாளரும் பிரிந்து நின்றனர். இப்படிச் சமனாகப் பிளந்திருக்கும் ஒரு சபையில் ஏழு என்பது ஏழல்ல. தராசின் முள்ளைச் சாய்க்கும் படிக்கல். மூதவையிலும் அவ்வாறே. முப்பது பேர் கொண்ட அந்த மேற்சபைக்குப் பதினைவரைப் பிரதிநிதிகள் சபையே விகிதாசார முறையில் தெரிந்தது. 101 அங்கத்தவர் 15 பேரைத் தெரியும் முதல் தேர்தலில், ஏழு வாக்கு ஒன்றுசேர்ந்தால் ஒருவரை அனுப்பிவிடலாம் என்பது எளிய கணக்கு. இவையன்றி, காங்கிரஸ் போட்டியிடாத வேறு பல மலைநாட்டுத் தொகுதிகளிலும் தோட்டத்து வாக்குகள் இடதுசாரி அபேட்சகருக்குத் துணைபுரிந்தன.

இங்கே மறுபக்கத்தையும் நேர்மையோடு சொல்லவேண்டும். கண்டிச் சிங்களக் கிராமத்தவர் தம்மைச் சூழ்ந்த மலைகள் தோட்டங்களாக மாறியதைப் பார்த்தவர்கள். நிலம் கைவிட்டுப் போனது போதாமல், பிரதிநிதித்துவமும் போய்விடுமோ என்ற அச்சம் அவர்களிடம் இருந்தது. அந்த அச்சம் வெறுங் கற்பனையன்று. ஆனால் நிலத்தை எடுத்தவர் வேறு. அந்நிலத்தில் கூலிக்கு உழைத்தவர் வேறு. அச்சத்தின் விலையை உழைத்தவரே கொடுக்க நேர்ந்தது என்பதுதான் இவ்வரலாற்றின் துயரம்.

விலை மூன்று சட்டங்களாக வந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15 இல் நடைமுறைக்கு வந்தது. இந்நாட்டிலே பிறந்தால் மட்டும் போதாது. தந்தையும் இங்கே பிறந்திருக்கவேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்திருக்கவேண்டும் என்றது. லயன் அறையிலே பிறந்தவன் பாட்டனின் பிறப்புப் பத்திரத்துக்கு எங்கே போவான்? அடுத்தது 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வாசிகள் பிரஜாவுரிமைச் சட்டம். 1946 ஜனவரி முதல் திகதிக்கு முன், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் தொடர்ந்து வசித்திருந்தால் விண்ணப்பிக்கலாம் என்று அது கதவைச் சிறிது திறந்தது. மூன்றாவது 1949 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம். பிரஜையல்லாதவர் வாக்காளராக இருக்கமுடியாது என்று அது மற்றக் கதவை முழுதும் மூடியது.

முதலில் விண்ணப்பங்களைப் பகிஷ்கரித்த காங்கிரஸ் பின்னர் மனம் மாறியது. 1951 ஆகஸ்ட் 5 இல் தவணை முடியுமுன் 2,37,034 விண்ணப்பங்கள், 8,24,430 பேர் சார்பில் கொடுக்கப்பட்டன. "எங்களுக்கு இந்நாடு வேண்டாம்" என்று சொல்லும் மக்கள் இப்படி எட்டு லட்சம் பெயர்களை எழுதிக் கொடுப்பார்களா? ஆனால் விசாரணை ஆமைவேகத்தில் நடந்தது. பல ஆண்டுகள் சென்று கணக்குப் பார்த்தபோது பிரஜாவுரிமை பெற்றோர் 1,34,188 பேரே. விண்ணப்பித்த அறுவரில் ஒருவருக்குக்கூட அது கிட்டவில்லை.

நீதிமன்றப் படியும் ஏறிப்பார்த்தார்கள். ருவன்வெல்லைத் தொகுதி இடாப்பில் தம் பெயரைச் சேர்க்குமாறு கேட்ட கோடகன் பிள்ளையின் வழக்கு இலண்டன் பிரிவுக் கவுன்ஸில் வரை சென்றது. ஒரு சமூகத்தவர்மேல் மற்றவர்க்கில்லாத தடையை விதிக்கும் சட்டத்தை அரசியல் திட்டத்தின் 29 ஆம் பிரிவு தடுக்கிறதன்றோ என்பதே வாதம். தன் பிரஜைகள் யாரென்று தீர்மானிப்பது எந்தச் சட்டசபைக்கும் உரிய இயல்பான அதிகாரம் என்று 1953 இல் தீர்ப்பாயிற்று. சட்டத்தில் சமூகத்தின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை, விளைவிலேதான் எழுதப்பட்டிருந்தது.

இதற்கிடையில் 1952 மார்ச் 22 இல் டி. எஸ். சேனாநாயக்கா காலமானார். அவர் மைந்தர் டட்லி சேனாநாயக்கா பிரதம மந்திரியாகி உடனே தேர்தலுக்கு அழைப்பு விடுத்தார். ஏனைய தொகுதிகளில் பதவியிலிருந்த அங்கத்தவர்கள் தம் வாக்காளரை நாடிப் புறப்பட்ட அவ்வேளையில், மலைநாட்டு அங்கத்தவர்களுக்கு நாடிச் செல்ல வாக்காளர் இல்லை. அவர்கள் மேடை ஏறவில்லை. கொழும்பிலே பிரதம மந்திரியின் காரியாலயத்தின் முன் அமர்ந்தார்கள். ஏப்ரல் 28 இல் தொடங்கிய சத்தியாக்கிரகம் ஏறக்குறைய நான்கரை மாதம் நீடித்தது. மே மாத இறுதியில் தேர்தல் அதன் கண்முன்னே நடந்து முடிந்தது. ஐக்கிய தேசியக் கட்சி 54 இடங்களைப் பெற்றது. இந்தியன் காங்கிரஸின் ஏழு இடங்களில் ஒன்றேனும் அதற்கு மீளவில்லை.

இடாப்பின் கணக்கு ஒன்றே இதனைச் சொல்லும். 1947 இல் நாடு முழுவதிலும் பதிவான வாக்காளர் ஏறத்தாழ 30 லட்சத்து 48 ஆயிரம். ஐந்தாண்டில் சனத்தொகை பெருகியது. வாக்காளர் தொகையோ 1952 இல் 29 லட்சத்து 91 ஆயிரமாகக் குறைந்தது. இன்னொரு விந்தையும் உண்டு. தொகுதிகள் பகுக்கப்பட்டது வாக்காளர் தொகைப்படி அன்று. மாகாணத்தின் மொத்தச் சனத்தொகையில் 75,000 பேருக்கு ஒன்றும், ஆயிரம் சதுர மைலுக்கு ஒன்றும் என்றபடி. 1952 இலும் அந்த எல்லைகளே நின்றன. ஆகவே தோட்டத்து மக்கள் தலைக்கணக்கில் இருந்தார்கள், வாக்குக் கணக்கில் இல்லை. அவர்களைச் சேர்த்து எண்ணி உண்டான ஆசனங்களுக்கு அவர்கள் நீங்கலாக எஞ்சிய சிலரே அங்கத்தவரைத் தெரிந்தனர்.

நேயர்களே, இழந்தது ஏழு ஆசனங்கள் மட்டுமா? வாக்கில்லாதவன் வாசலுக்கு எந்த அபேட்சகரும் வருவதில்லை. லயன் கூரை ஒழுகுவதைப் பார்க்கவும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லையென்ற முறைப்பாட்டைக் கேட்கவும் மலையேறவேண்டிய தேவை எந்த அரசியல்வாதிக்கும் இல்லாமற் போயிற்று. 1964 அக்டோபர் 30 இல் இரு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் பின்னர் பார்ப்போம் என்று பங்கிட்டபோது, பங்கிடப்பட்டவர்களின் சம்மதத்தைக் கேட்க யாருக்கும் அவசியம் நேராததும் இதனாலன்றோ!

தொண்டமான் 1960 இல் பாராளுமன்றத்துக்குத் திரும்பினார். ஆனால் நியமன அங்கத்தவராக. நியமனம் பேச இடந்தரும். ஆனால் நியமிக்கப்பட்டவர் திரும்பிச் சென்று கணக்குக் கொடுக்க ஒரு தொகுதி இல்லை. 1977 ஜூலை 21 இல், மூன்று அங்கத்தவர் கொண்ட நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் காமினி திசாநாயக்கா, அநுரா பண்டாரநாயக்கா ஆகியோருடன் மூன்றாமவராக அவர் தெரிவானார். 1947 இல் கிடைத்த மக்கள் ஆணை மறுபடி கிடைக்க முப்பது ஆண்டுகள் சென்றன. அடுத்த ஆண்டில் அவர் மந்திரியானார். நாடற்றோராய் எஞ்சியிருந்தோரின் நிலை 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தாலும் தீர்ந்தது. 1948 இல் பிறந்த குழந்தைக்கு 2003 இல் ஐம்பத்தைந்து வயது.

வென்றவர் பெயரும் பெற்ற வாக்கும் தேர்தல் வரலாற்று நூல்களில் தவறாமல் இருக்கும். வாக்களிக்க வராதவரைப் பற்றி அவை பேசுவதில்லை. வரவிடப்படாதவரைப் பற்றியோ இன்னும் பேசுவதில்லை. மலைநாட்டின் வரலாறு நமக்குக் கற்பிப்பது இதுதான்: ஓர் அங்கத்தவரைத் தோற்கடிப்பது வாக்காளரின் உரிமை. அந்த உரிமையை வாக்காளரிடமிருந்து எடுத்துவிட்டால் தோற்பவர் அங்கத்தவர் அல்லர். ஆதலால், இன்று தேர்தற் காலத்தில் தேயிலை மலைகளின் ஒற்றையடிப் பாதைகளில் அபேட்சகர் வியர்த்து ஏறிவரும்போது, அவர் சொல்லும் வாக்குறுதியை நம்பலாம், நம்பாமலும் விடலாம். அவர் ஏறிவரவேண்டியிருக்கிறது என்பதே ஒரு நெடும் போராட்டத்தின் பயன்.