தோல்வியே முகவரியாக இருந்த ஒரு கல்லூரி



போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். இப்போது அவரும் ஆசிரியர்தான். தலைமையாசிரியர் பதவி உயர்வுக் கலந்தாய்வில் அவருக்குக் கிடைத்த பள்ளி, ஊரே கைவிட்ட பள்ளி. "சார், அந்த ஸ்கூல் பேரைச் சொன்னாலே எல்லாரும் சிரிக்கிறாங்க. பதவி உயர்வே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடலாமான்னு பார்க்கிறேன்" என்றார். இரண்டு நாள் பொறு, சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். சொல்ல நினைத்ததை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். வரலாற்று வாத்தியார் அல்லவா, கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் நடுவில் கான்சாஸ் மாநிலம். அங்கே மன்ஹாட்டன் என்று ஒரு ஊர். நியூயார்க்கில் இருக்கும் மன்ஹாட்டன் இல்லை, இது கோதுமை வயல்களுக்கு நடுவே ஐம்பத்து நாலாயிரம் பேர் வாழும் சின்ன ஊர். கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கிறது. 1863ல் தொடங்கியது, வேளாண்மைப் படிப்புக்குப் பேர் போனது. ஆனால் 1988 வரை அமெரிக்கா முழுக்க அதற்கு இன்னொரு பேரும் இருந்தது: நாட்டிலேயே மோசமான கால்பந்து அணி.

இந்தக் கால்பந்து நம் ஊர் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள், மோதுவார்கள். அங்கே கல்லூரி அணிகளின் ஆட்டம் ஊர்த் திருவிழா மாதிரி. அணியின் பேர்தான் கல்லூரியின் பேர். அணி தோற்றால் மாணவர், பழைய மாணவர், கடைக்காரர் எல்லோருக்கும் தலைகுனிவு.

அந்த அணியின் மதிப்பெண் பட்டியலைப் பாருங்கள். 1955 முதல் 1988 வரை 34 ஆண்டுகளில், தோல்வியைவிட வெற்றி அதிகமாக இருந்தது இரண்டே ஆண்டுகளில், 1970லும் 1982லும். 1987, 1988 இரண்டு ஆண்டிலும் சேர்த்து 22 ஆட்டம். வெற்றி பூஜ்யம், ஒன்றே ஒன்று டிரா. முதல்தரப் பிரிவில் 500 தோல்வியைத் தாண்டிய முதல் அணி என்ற 'பெருமை'யும் அதற்கே. எட்டுக் கல்லூரிகள் சேர்ந்த பிக் எய்ட் கூட்டமைப்பில் இவர்களை வைத்திருக்கத்தான் வேண்டுமா என்ற பேச்சும் எழுந்தது. 1989ல் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' பத்திரிகை இந்த அணியின் கையாலாகாத்தனத்தைப் பற்றியே நீண்ட கட்டுரை போட்டது. கேலிக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

அந்த நிலைமையில், 1988 நவம்பரில் பொறுப்புக்கு வந்தவர் பில் ஸ்னைடர். வயது 49. அதுவரை அயோவா பல்கலைக்கழகத்தில் துணைப் பயிற்சியாளர். பெரிய கல்லூரியில் தலைமைப் பொறுப்பே வகித்ததில்லை. இவ்வளவு தோற்ற இடத்தில்தான் பெரிய மாற்றத்துக்கு வாய்ப்பு இருக்கிறது என்பது அவர் பேச்சு. கேட்டவர்களில் எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்?

வந்ததும் மந்திரம் எதுவும் போடவில்லை. முதல் ஆண்டில் 11 ஆட்டத்தில் 10 தோல்வி! ஆனால் 1989 செப்டம்பர் 30 அன்று, நார்த் டெக்சாஸ் அணிக்கு எதிராக, கடைசி ஆட்ட வீச்சில் 20க்கு 17 என்று ஜெயித்தார்கள். மூன்று வருஷத்தில் கிடைத்த முதல் வெற்றி அது.

என்னதான் செய்தார்? எனக்குத் தெரிந்தவரை மூன்று விஷயம். ஒன்று, மாணவர்களுக்குப் பதினாறு இலக்குகள் வைத்தார். ஈடுபாடு, சுயநலமின்மை, ஒற்றுமை, சுயகட்டுப்பாடு, பொறுப்பு இப்படி. இத்தனை ஆட்டம் ஜெயிக்க வேண்டும் என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. இன்றைக்கு நேற்றைவிடக் கொஞ்சம் மேலே போ, அவ்வளவுதான். இரண்டு, பெரிய கல்லூரிகள் திரும்பிப் பார்க்காத பையன்களைத் தேடினார். இரண்டாண்டுப் படிப்பு நடத்தும் சின்னக் கல்லூரிகளிலிருந்தும், உதவித்தொகை இல்லாமல் தாமாக வந்து சேர்ந்தவர்களிலிருந்தும் ஆட்களை எடுத்தார். பக்கத்து ஊரான ரைலியிலிருந்து அப்படி வந்து சேர்ந்த ஜோர்டி நெல்சன், பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தில் சூப்பர் பவுல் ஜெயித்த அணியில் ஆடினார். மூன்று, பழைய அடையாளத்தை மாற்றினார். காட்டுப்பூனைத் தலையோடு புதிய சின்னம் 1989ல் வந்தது. இன்றும் ஊர் முழுக்க அதுதான்.

பலன் மெதுவாகத்தான் வந்தது. 1990ல் 5 வெற்றி, 1991ல் 7, 1992ல் மறுபடி 5. ஒரு படி ஏறி ஒரு படி சறுக்கல். 1993ல் 9 வெற்றி. 1993 முதல் 2003 வரை ஒரு வருஷம் விடாமல், பருவம் முடிந்ததும் நடக்கும் 'பவுல்' ஆட்டங்களுக்குத் தகுதி பெற்றார்கள். அதற்கு முன் அவர்கள் வரலாற்றிலேயே அப்படி ஆடியது 1982ல் ஒரு முறைதான். 1997 முதல் 2000 வரை நான்கு ஆண்டும் தலா 11 வெற்றி.

ஒரு வாத்தியாராக எனக்குப் பிடித்தது 2003 டிசம்பர். கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்தில் எதிரணி, நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த ஓக்லஹோமா. அதன் பயிற்சியாளர் பாப் ஸ்டூப்ஸ், ஸ்னைடரிடம் துணைப் பயிற்சியாளராக இருந்து தொழில் பழகியவர். சிஷ்யன் அணியை குரு அணி 35க்கு 7 என்று வென்றது!

குறையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வரலாறு ஆகாது. கூட்டமைப்புக்கு வெளியே எளிதான எதிரிகளாகப் பார்த்து ஆட்டம் வைத்துக்கொள்கிறார் என்ற விமர்சனம் அவர் மேல் உண்டு. நியாயமான விமர்சனம்தான். ஆனால் தோற்றுத் தோற்றுக் கூனிப்போன பையன்களுக்கு முதலில் ஜெயிக்கும் ருசி தெரிய வேண்டும் என்பதும் நியாயம்தானே? கணக்கில் பூஜ்யம் வாங்கும் பையனுக்கு நாம் முதலில் எளிதான கணக்குத்தானே கொடுப்போம்?

2005ல் ஓய்வு பெற்றார். ஸ்டேடியத்துக்கே ஸ்னைடர் குடும்பத்தின் பெயரை வைத்தார்கள். அடுத்த மூன்று ஆண்டில் 17 வெற்றி, 20 தோல்வி. 2008 நவம்பரில், 69 வயதில் திரும்ப அழைத்தார்கள், வந்தார். 2012ல் மறுபடி கூட்டமைப்புப் பட்டம். 2018ல் இரண்டாம் முறை விடைபெறும்போது கணக்கு 215 வெற்றி. இந்த முறை அணி சரியவில்லை. அடுத்து வந்த கிறிஸ் கிளைமன் 2022ல் பட்டம் வென்றார். ஒருவர் எழுப்பிய பேர் அவர் போன பிறகும் நிற்கிறதா என்பதுதான் கடைசிப் பரீட்சை. முதல் முறை அவரே அதில் தேறவில்லை, இரண்டாம் முறை தேறினார்.

இப்போது என் கதை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பணியில் சேர்ந்த புதிதில் எனக்கும் அப்படி ஒரு பள்ளி கிடைத்தது. பேர் வேண்டாம். "அங்கே போய் என்னத்தைச் செய்யப் போறே" என்றார்கள். நானும் ஒரே வருஷத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கிளம்பும் நாளில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வாசல் வரை வந்து, "நீங்களும் போறீங்களா சார்?" என்று கேட்டான். அந்த 'நீங்களும்' என்ற சொல்லில் இருந்த 'உம்' இன்றுவரை என்னை விடவில்லை. இலக்கண வகுப்பில் 'உம்'மைக்கு எத்தனையோ பொருள் படித்திருக்கிறேன். அவன் சொன்ன பொருள் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஆகவே தம்பி, போ. முதல் வருஷம் பதினொன்றில் ஒன்று ஜெயித்தால் போதும். காலையில் மணி அடிக்கும் முன் நீ அங்கே நில். ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும். நான் வராமல் விட்ட பாடத்தை நீ எடு.

இப்படிப்பட்ட பள்ளியில் படித்தவர்கள், பாடம் எடுத்தவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். அந்தத் தம்பியும் படிப்பார்.

என்றும் அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்