ஹெயிட்டிக்கான மருத்துவச்சிகள்

ஹெயிட்டிக்கான மருத்துவச்சிகள் என்பது கரிபியன் நாடான ஹெயிட்டியின் நாட்டுப்புறப் பகுதிகளில் பேறுகாலப் பணிக்காக உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி அளிக்கும் இலாப நோக்கற்ற தொண்டு நிறுவனம் ஆகும். ஆங்கிலத்தில் இது மிட்வைவ்ஸ் ஃபார் ஹெயிட்டி என அழைக்கப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 2006 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இதன் பணிகள், ஹெயிட்டியின் நடு மேட்டுநிலத்தில் உள்ள ஹின்ச் நகரை மையமாகக் கொண்டவை.

பின்னணி

மேற்கு அரைக்கோளத்தில் பேறுகாலத் தாய் இறப்பு மிகக் கூடிய நாடு ஹெயிட்டி ஆகும். உலக சுகாதார அமைப்பின் கணிப்பின்படி, 2020 ஆம் ஆண்டில் அங்கு 1,00,000 உயிருள்ள பிறப்புகளுக்கு ஏறத்தாழ 350 தாய்மார் இறந்தனர். அதே தீவைப் பங்கிட்டுக் கொண்டுள்ள டொமினிக்கன் குடியரசில் இவ்வளவு இதில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே.

பேற்றுக்குப் பின் ஏற்படும் குருதிப்பெருக்கு, மிகை இரத்த அழுத்தத்தால் வரும் சூல்வலிப்பு, நோய்த்தொற்று ஆகியவை இவ்விறப்புகளின் முதன்மைக் காரணங்கள். இவற்றைத் தடுக்கப் பெரிய மருத்துவமனை எப்போதும் தேவைப்படுவதில்லை. குருதிப்பெருக்கைக் கட்டுப்படுத்தும் ஆக்சிடோசின், வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் சல்பேட்டு ஆகிய இரண்டும் விலை குறைந்த மருந்துகள். இரத்த அழுத்தத்தை உரிய காலத்தில் அளந்து, இம்மருந்துகளைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவர் அருகில் இருக்க வேண்டும் என்பதே சிக்கல். 2016–17 ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசிய நலவாழ்வுக் கணக்கெடுப்பில், பத்தில் ஏறத்தாழ நான்கு பிறப்புகளே மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. ஏனையவற்றுள் பெரும்பாலானவற்றை வீடுகளில் மாத்வோன் எனப்படும் மரபுவழிப் பேற்றுதவியாளர்கள் பார்த்தனர்.

வரலாறு

வர்ஜீனியாவைச் சேர்ந்த மருத்துவச்சியான நாடீன் பிரங்க், 2003 ஆம் ஆண்டு ஒரு மருத்துவக் குழுவுடன் ஹெயிட்டிக்குச் சென்றார். இத்தகைய குழுக்கள் சில நாட்கள் தங்கிச் சிகிச்சை அளித்துத் திரும்புபவை. ஆனால் மகப்பேறு அந்த நாட்களுக்காகக் காத்திருப்பதில்லை. எனவே வெளியிலிருந்து மருத்துவச்சிகளை அனுப்புவதை விட, அங்கேயே வாழ்பவர்களை மருத்துவச்சிகள் ஆக்குவது என்ற நோக்குடன் நிறுவனம் உருவாயிற்று.

2010 சனவரி 12 அன்று நிகழ்ந்த நிலநடுக்கத்தில் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்சில் இருந்த தேசிய மருத்துவச்சிப் பள்ளியின் கட்டடம் அழிந்தது. தலைநகரை விட்டுப் பல இலட்சம் மக்கள் மாகாணங்களுக்கு இடம்பெயர்ந்தனர். நடு மேட்டுநிலமும் அவர்களைத் தாங்க வேண்டியதாயிற்று. தலைநகருக்கு வெளியே ஒரு பயிற்சி இடம் இருந்ததன் பயன் அப்போது தெளிவாயிற்று.

பயிற்சி

ஹின்ச்சில் உள்ள அரசு மருத்துவமனையான புனித தெரேசா மருத்துவமனையே பயிற்சிக் களம். பயிற்சிக் காலம் ஏறத்தாழ ஓராண்டு. வகுப்புப் பாடங்களுடன் மகப்பேற்று அறையில் நேரடிப் பணியும் உண்டு. ஹெயிட்டியில் முழுத் தகுதி பெற்ற மருத்துவச்சி, முன்னர் செவிலியர் படிப்பை முடித்தபின் மேலும் படித்தவராக இருந்தார். இங்கு பயில்வோர் பெரும்பாலும் துணைச் செவிலியராக இருந்தவர்கள். ஆகவே இவர்கள் துணை மருத்துவச்சிகள் என்றே கொள்ளப்படுகின்றனர்.

தொடக்க ஆண்டுகளில் அமெரிக்காவிலிருந்து வந்த தன்னார்வலர்கள் ஓரிரு வாரம் தங்கி, மொழிபெயர்ப்பாளர் துணையுடன் கற்பித்தனர். இம்முறைக்கு இயல்பான குறைபாடுகள் உண்டு. ஆசிரியர் அடிக்கடி மாறினால் பாடம் தொடர்ச்சி இழக்கும். மின்னணுக் கருவிகளுக்குப் பழகிய ஒருவர், மின்சாரமும் நீரும் நிலையற்ற மருத்துவமனையில் தாமே கற்க வேண்டியவை பல. மொழியும் ஒரு தடையே. ஹெயிட்டியில் பாடநூல்கள் பெரும்பாலும் பிரெஞ்சில் உள்ளன, தாய்மாரோ கிரெயோலில் பேசுகின்றனர். பயின்று தேர்ந்த ஹெயிட்டியரே ஆசிரியர்களாகப் பொறுப்பேற்றபின் இக்குறைகள் பெரிதும் தணிந்தன. தன்னார்வலர் பின்னர் துணைநிலையில் நின்றனர்.

ஊர்ப் பணிகள்

மருத்துவமனைக்கு வர இயலாதவர்களுக்காக நடமாடும் மருத்துவப் பிரிவு ஒன்று ஏற்படுத்தப்பட்டது. இளஞ்சிவப்பு நிற ஜீப் ஒன்றில் மருத்துவச்சிகள் கரடுமுரடான மலைப் பாதைகளில் சென்று, இருபதுக்கு மேற்பட்ட சிற்றூர்களில் சூலுற்ற பெண்களைப் பரிசோதித்தனர். வழியில் ஆறுகளைக் கடக்க வேண்டியிருந்ததால் மழைக்காலத்தில் சில ஊர்களை அடைவதே அரிது.

மாத்வோன்களுக்கும் தனிப் பயிற்சி அளிக்கப்பட்டது. 1990களின் பிற்பகுதியிலிருந்து உலக அமைப்புகள் மரபுவழிப் பேற்றுதவியாளர்களுக்கான பயிற்சியை விடுத்து, தகுதி பெற்ற மருத்துவப் பணியாளரையே வலியுறுத்தி வந்துள்ளன. அப்பணியாளர் இல்லாத ஊரில் பெண்கள் மாத்வோனையே நாடுவர் என்பதையும் மறுக்க இயலாது. இங்கு நோக்கம் மாத்வோனை மருத்துவச்சி ஆக்குவது அன்று. தூய்மையாகப் பேறு பார்க்கவும், தலைவலி, வீக்கம், மிகுந்த குருதிப்போக்கு போன்ற இடர்க்குறிகளை அறிந்து தாயைக் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்கு அனுப்பவும் கற்பிக்கப்படுகிறது.

சிக்கல்கள்

பயிற்சியை விடக் கடினமானது பயின்றவரைப் பணியில் நிலைநிறுத்துவது ஆகும். அரசிடம் ஊதியத்துக்கான நிதி போதாமையால், புனித தெரேசா மருத்துவமனையில் பணிபுரிந்த மருத்துவச்சிகள் பலருக்கு நிறுவனமே நன்கொடைகளிலிருந்து ஊதியம் வழங்கியது. நன்கொடை குறைந்தால் மகப்பேற்று அறையில் ஆள் குறையும் என்ற நிலையை இது உருவாக்கியது.

2024 ஆம் ஆண்டு ஆயுதக் குழுக்களின் வன்முறையால் தலைநகரின் விமான நிலையம் மூடப்பட்டது. 2025 மார்ச் இறுதியில் ஹின்ச்சுக்குத் தெற்கே உள்ள மிர்பாலே நகர் தாக்கப்பட்டது. 2013 முதல் இயங்கிய அந்நகரின் பெரிய பயிற்சி மருத்துவமனை அடுத்த மாதமே பணியை நிறுத்தியது. அதனால் நடு மேட்டுநிலத்தில் சிக்கலான பேறுகளை அனுப்புவதற்கான முதன்மை இடம் இல்லாமற் போயிற்று.